எழுதுகோலும் விசைப்பலகையும்: வகுப்பறையில் தமிழெழுத்து

எழுதும் கருவி மாறுந்தோறும் எழுத்தின் வடிவமும் அதனைக் கற்கும் முறையும் மாறுதல் உண்டு. ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகியமையால் எகரமும் ஏகாரமும் வரிவடிவில் வேறுபாடின்றி மயங்கின. கொம்பைச் சுழித்து அம்மயக்கத்தை நீக்கியவர் வீரமாமுனிவர். இந்நாளில் கணிப்பொறி வகுப்பறையுட் புகுந்துள்ளது. அது தமிழெழுத்துப் பயிற்சிக்கு ஆக்கமா, கேடா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மேனிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. பரங்கிப்பேட்டை, சிதம்பரம் முதலிய ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்க்கும் அத்திட்டம் உரியதாயிற்று. அவ்வகைக் கணினியில் எழுத்து விசையால் அமைவது. 1999இல் வரையறுக்கப்பட்ட ‘தமிழ்99’ முறையில் ‘கை’ என எழுதுவார் ககரத்தை முன்னும் ஐகாரத்தை அதன் பின்னும் தட்டுவர். மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் உயிர்மெய் இயல்புக்கு இஃது இயைந்ததே. கையால் எழுதுங்கால் நிகழ்வது வேறு. ஐகாரக் குறி முன்னர் வரும். ககரம் அதனைத் தொடரும். ஆகவே, விசைப்பலகை ஒலிமுறையைக் கற்பிக்கும், வரிமுறையைக் கற்பியாது.

இக்குறையை எழுதுகோல் கொண்டு திரையில் எழுதும் கைக்கணினி நீக்கிவிடும் என்பர் சிலர். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அம்மணலே இன்று திரையாயிற்று என்பது அன்னார் கருத்து.

இக்கருத்து முழுதும் பொருந்துவதன்று. மணலில் எழுதுவோனை ஆசிரியர் திருத்தினார். கையெழுத்தை உணரும் நிரலோ எழுதப்பட்டதை அறிந்துகொள்ளவே அமைந்தது. எழுதுவோனைத் திருத்துதல் அதன் நோக்கமன்று. ‘பணம்’ என எழுதக் கருதிய சிறுவன் ஒரு சுழி குறைத்துப் ‘பனம்’ என எழுதினான் என்க. அகராதியின் துணைகொண்ட நிரல் அதனைப் ‘பணம்’ என மாற்றிக் காட்டிவிடக்கூடும். சொல் திருந்தும், சிறுவன் திருந்தான். தன் பிழையை அவன் அறியவே மாட்டான்.

எனினும் இக்கருவிக்கே உரிய சிறப்பொன்று உண்டு. கோல் திரையில் சென்ற வழியையும் கோடுகளின் முறையையும் அது பதிந்து வைத்துக்கொள்ளவல்லது. மணலில் எழுதியது அழிந்துபடும். தாளில் முடிந்த வடிவம் மட்டுமே எஞ்சும். திரைப்பதிவோ சுழி எங்குத் தவறிற்று என்பதை மீண்டும் காட்டும். பல மாணவரை ஒருங்கே நோக்கும் ஆசிரியர்க்கு இது பெருந்துணையாம்.

ஆதலின், தொடக்க வகுப்பில் தானே திருத்தும் வசதியை நிறுத்தி, கோட்டுப் பதிவை ஆசிரியர் காண அமைத்தலே தக்கது. விசைப்பலகை வரிவடிவம் கையிற் படிந்த பின்னர் வருக. பிழையை மறைக்கும் கருவி எழுத்தறிவிப்பதாகாது. பிழையைக் காட்டுவதே ஆசிரியர்க்குத் துணையாகும்.