நிற்கத் தெரிந்த பொம்மை

பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் விலை என்பது சேகரிப்பாளர்களிடையே வேதவாக்கு. வெயில் அடிக்கிற ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் அந்த அட்டைப் பெட்டியை ஒரு பருவமழை முழுக்க அலமாரியில் வைத்தால் ஓரம் உப்பிவிடும், முன்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னல் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஹட்டன், டிக்கோயா பக்கம் இன்னும் மோசம். மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை விடாது, தேயிலைத் தோட்ட லயத்துச் சுவரும் காயாது. ஆகவே மலையகத்தில் சூப்பர் ஹீரோ பொம்மை சேர்க்கிறவர் பெட்டியைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போட வேண்டும். எனக்கு இதில் வருத்தம் இல்லை. பெட்டிக்குள் கம்பியால் கட்டிக் கிடக்கும்வரை அது நிற்குமா, விழுமா என்பதே தெரியாதே.

பொம்மையைக் கையில் எடுத்ததும் பலரும் முகத்தைப் பார்ப்பார்கள். நடிகரின் சாயல் இருக்கிறதா, கண் நேராக இருக்கிறதா என்று. நான் இடுப்பையும் கணுக்காலையும் பார்ப்பேன். மார்வெல் லெஜண்ட்ஸ் போன்ற வரிசைகள் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. படத்தில் ஆறடி ஆள் கையில் ஆறு அங்குலம். அந்த ஆறு அங்குலத்தின் பாரம் முழுக்க இறங்குவது கணுக்காலில். அங்கே மூட்டு முன்னும் பின்னும் மட்டும் அசைந்தால் போதாது, பக்கவாட்டிலும் சாய வேண்டும். இல்லாவிட்டால் காலை அகட்டி நிறுத்தும்போது பாதத்தின் ஓரம் மட்டுமே தரையில் பட்டு, வீரன் விளிம்பில் நிற்பான். நல்ல பொம்மையில் கால் எவ்வளவு அகன்றாலும் உள்ளங்கால் முழுசாகப் பதியும். அதன்பிறகு இடுப்பைச் சற்று ஒரு பக்கம் திருப்பி, தோளை எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும், பிளாஸ்டிக்குக்கு உயிர் வந்துவிடும். இடுப்பும் தோளும் ஒரே திசையில் நேராக நிற்கிற பொம்மை, ஆயிரம் வேலைப்பாடு இருந்தாலும், பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற ஆள் மாதிரித்தான் தெரியும்.

இந்தக் கண் எனக்குப் பொம்மைக் கடையில் வந்ததல்ல. காமன் பொட்டலில் வந்தது. மாசியில் காமன் ஊன்றி, இரவிரவாகத் தப்பு அடித்து ஆடுகிற கூத்தில், தூரத்தில் நிற்கிறவனுக்கு யாருடைய முகமும் சரியாகத் தெரியாது. மதனா, ரதியா, வீரபத்திரனா என்று காட்டிக்கொடுப்பது கால் வைக்கிற வீச்சும் தோளை ஏற்றுகிற விதமும்தான். சாயம் அப்பிய முகத்தை விடிந்த பிறகு பார்த்தால் பக்கத்து லயத்துப் பையன். இரவில் அவன் வீரபத்திரன். நிலைதான் ஆளை ஆக்குகிறது என்பதை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சினிமாவுக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள்.

பொம்மைத் தொழில் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுநாள் பிடித்தது. 1972இல் மீகோ கம்பனி சூப்பர்மேனையும் பேட்மேனையும் எட்டு அங்குலத்தில் துணி உடுத்தி விற்றது. பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் மூட்டுக்கு மேலே துணி சுருங்கும். 1978இல் கென்னர் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் நாலு அங்குலம்கூட இல்லை, கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை என்று ஐந்தே மூட்டு. அதே கென்னர் 1984இல் கொண்டுவந்த சூப்பர் பவர்ஸ் வரிசையில் சூப்பர்மேனின் காலைச் சேர்த்து அமுக்கினால் கை குத்தும். பிள்ளைகளுக்கு அமர்க்களம். 2002இல்தான் கதை மாறியது. சாம் ரெய்மியின் ஸ்பைடர்மேன் படம் வந்த வருடம் அது. அதே ஆண்டில் டாய் பிஸ் நிறுவனம் மார்வெல் லெஜண்ட்ஸைத் தொடங்கியது. முழங்கையில் இரட்டை மூட்டு, வயிற்றில் மடிப்பு, பாதத்தின் நுனியில்கூட ஒரு மூட்டு. 2007இலிருந்து அந்த வரிசை ஹஸ்ப்ரோவின் கையில் இருக்கிறது. டாய் பிஸ் காலத்து ஸ்பைடர்மேனில் மூட்டுகள் பட்டவர்த்தனமாகத் தெரியும், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் குந்தச் சொன்னால் குந்துவான். இன்றைய வழவழப்பான பொம்மைகள் சில அந்த ஒன்றைச் செய்யத் தவறுகின்றன. இடுப்பை மூடுகிற மெத்தென்ற பிளாஸ்டிக் பாவாடை தொடையை மேலே ஏற விடாது.

முகத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அநியாயம். முன்பெல்லாம் கண்ணையும் புருவத்தையும் அச்சுக் குத்தியும் தெளித்தும் வரைவார்கள். மயிரிழை விலகினால் ஒன்றரைக் கண். இப்போது நடிகரின் முகத்தைப் புள்ளிப் புள்ளியாக டிஜிட்டல் முறையில் அச்சடிக்கிறார்கள். நிறம் தோல்போலவே இறங்குகிறது, கண்ணுக்குள் ஈரம் தெரிகிறது. மிகக் கிட்டே பார்த்தால் புள்ளிகள் தெரியும். ஆனால் எந்தக் கோவில் சிலையைத்தான் மூக்கு உரச நின்று பார்க்கிறோம்?

முகத்தின் உச்சம் ஹொங்கொங்கின் ஹொட் டாய்ஸ். ஆறில் ஒரு பங்கு அளவு, உண்மைத் தையல் போட்ட உடுப்பு. ‘தி டார்க் நைட்’ ஜோக்கரை அவர்கள் செய்தபோது கண்மணி உருளும்படி செய்தார்கள்; ஹீத் லெட்ஜரின் அந்தப் பக்கவாட்டுப் பார்வையை நாமே வைத்துக்கொள்ளலாம். அது பொம்மைக் கலையின் பெரிய வேலை, மறுக்க மாட்டேன். ஆனாலும் அதை எடுத்து விளையாட மனம் வராது, அது தூரத்தில் வைத்துக் கும்பிடுகிற சாமி. இன்னொன்றும் இருக்கிறது. இந்த அளவுப் பொம்மைகளுக்கு உடுத்துகிற செயற்கைத் தோல், எந்தக் கம்பனியுடையதானாலும், ஈரக் காற்றில் நாளாக நாளாகச் செதில் செதிலாக உதிரக்கூடியது. நுவரெலியாவின் பனிக்கு அது சரிப்படாது.

போலிகளை நான் ஒதுக்குவதில்லை. தேர்த் திருவிழாவுக்கு வருகிற விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்குவதெல்லாம் அவைதான். அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து ஊற்றுவதால் உரு ஒரு சுற்றுச் சுருங்கியிருக்கும், தசைக் கோடுகள் மழுங்கியிருக்கும். முதுகிலோ காலிலோ பார்த்தால் கம்பனிப் பெயரும் ஆண்டும் இருக்காது. மூக்குக்கே தெரிகிற நெடி அடிக்கும். ஆனால் சூப்பர்மேனின் உடம்பில் பேட்மேன் தலையைப் பொருத்தி, பச்சைச் சாயம் அடித்துத் தொங்கவிட்டிருக்கும் துணிச்சலை அசல் கம்பனிக்காரன் கனவிலும் காண மாட்டான். அப்படி ஒன்று என் அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது.

இங்கே பழைய பொம்மை வாங்கினால் ஒரு கைப்பழக்கம் வேண்டும். குளிர் பிடித்த மூட்டை வம்புக்குத் திருப்பினால் ஆணி முறியும், முறிவதற்கு முன் அந்த இடம் வெளுத்துக் காட்டும். வெந்நீரில், கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே, பொம்மையை ஒரு நிமிடம் அமிழ்த்த வேண்டும். எடுத்துத் துடைத்து, பெருவிரலால் மூட்டை அணைத்துப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். சாயத்தில் ஒட்டிக்கிடந்த தோள் முதலில் அசையாது, பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். முறிந்த சத்தமா, விட்ட சத்தமா என்று விரலுக்குத் தெரியும். விட்டதென்றால் தோள் வழுக்கிக்கொண்டு திரும்பும். நெளிந்த காலையும் இப்படியே வெந்நீரில் நிமிர்த்திவிடலாம், நிமிர்த்திய கையோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு மார்வெல் லெஜண்ட்ஸ் 25 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2021இல் டொலர் 200 ரூபா என்றிருந்தபோது அது 5,000. 2022இல் ரூபா விழுந்து டொலர் 360ஐத் தொட்டபோது 9,000. டொலர் 300 என்று வைத்தாலும் 7,500, அனுப்புகிற செலவும் தீர்வையும் வேறு. 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் ஆறு அங்குலப் பிளாஸ்டிக் ஐந்தரைப் பேர், அதாவது ஐந்தரை நாள் சம்பளம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே எங்கள் பக்கத்துச் சேகரிப்பு கொழும்புப் புறக்கோட்டையில் குவியலாகக் கிடப்பதிலிருந்தும், வெளிநாட்டுச் சொந்தக்காரர் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்சலில் போட்டு அனுப்புவதிலிருந்தும்தான் வருகிறது. கை இல்லாதது, தலை இல்லாதது, கால் தொங்குவது. இரண்டை உடைத்து ஒன்றாக்குவதுதான் இங்குள்ள வித்தை. ஒரே உடல் அச்சைப் பல வீரர்களுக்குப் பயன்படுத்துகிற கம்பனிகளின் சிக்கனம் நமக்கு இலாபம், ஒருவனின் முழங்கை இன்னொருவனுக்குச் சரியாக உட்காரும்.

இப்போது என்னிடம் இருக்கிற கேப்டன் அமெரிக்காவுக்கு வலக்கை வேறொருவனுடையது. நீலம் ஒரு சாயல் கூடுதலாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் சொல்லிக்காட்டுகிறார்கள். கேடயத்தை ஏற்றிப் பிடித்தபடி ஒற்றைக் காலில் முன்பாரம் போட்டு நிற்கிறான், விழவில்லை. நிறத்தை மாற்றச் சொல்லி மஸ்கெலியாவில் ஒரு நண்பர் சாயம் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். சாயம் மூட்டுக்குள் இறங்கினால் தோள் மறுபடியும் இறுகிவிடும்.