லைஃப் விதவுட் பில்டிங்ஸ்: வாக்கியத்துக்கு முந்திய சொல்

ஒரே ஒரு இசைத்தட்டோடு நின்றுபோன குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இரங்கற்பா பாடிவிடுகிறார்கள். அற்பாயுள் ஒரு கலைத் தகுதி அல்ல. கிளாஸ்கோவில் 1999-ல் கூடி 2002-ல் கலைந்தது 'லைஃப் விதவுட் பில்டிங்ஸ்'. 2001-ல் வந்த 'எனி அதர் சிட்டி'யில் பத்துப் பாடல்கள். ஸ்டூடியோவில் தயாரான ஆல்பம் அது ஒன்றுதான். அந்தப் பத்தில் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே இக்குழுவை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

குழுவினர் பெரும்பாலும் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படித்தவர்கள். பிரிட்டனில் இது புதிதல்ல. 1970-களின் இறுதியில் ரெயின்கோட்ஸ் லண்டனின் ஹார்ன்ஸி கலைக் கல்லூரியிலிருந்தும், கேங் ஆஃப் ஃபோர் லீட்ஸ் பல்கலைக்கழக நுண்கலைத் துறையிலிருந்தும் கிளம்பியவை. பங்க்கின் கூச்சல் அடங்கியபின் வந்த இந்தப் போஸ்ட்-பங்க், ராக் இசையின் சதையைக் கழித்து எலும்பை நிறுத்திக் காட்டியது. ராபர்ட் ஜான்ஸ்டனின் கிதார் அந்த வம்சம். சுத்தமான தொனி, சிறு தொடர்கள், அலுக்காத திரும்பல். கிறிஸ் எவன்ஸின் பாஸும் வில் பிராட்லியின் டிரம்ஸும் நிதானமாகத் தாங்குகின்றன. இவ்வளவோடு நின்றிருந்தால் நல்ல மாணவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

சூ டாம்ப்கின்ஸின் குரல் நகர விடுவதில்லை. அவர் செய்வதைப் பாட்டு என்பதா, பேச்சு என்பதா? ஒரு சொல்லை எடுக்கிறார், பாதியில் விடுகிறார், திரும்ப எடுக்கிறார். எழுத்துகளை உதிரியாக உச்சரிக்கிறார். வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருக்கிறோம். வருவதில்லை. நிரவலை இங்கே நினைத்துக்கொள்வது தவறு. நிரவலில் வரி முழுமையாக முன்பே இருக்கிறது. திரும்பத் திரும்ப அது கனிகிறது. இங்கே வரி இன்னும் பிறக்கவில்லை. சொல்ல வாயெடுக்கும் மனத்தின் தவிப்பே பாட்டாகிறது. பின்னணி அவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் முன்னால் இந்தச் சிதறல் சாத்தியமாகிறது.

குழந்தைத்தனம், கலைப்பள்ளிச் சாமர்த்தியம் என்ற குற்றச்சாட்டுகள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. 2002 டிசம்பரில் சிட்னியின் அனன்டேல் ஹோட்டலில் பதிவாகி 2007-ல் வெளியான நிகழ்ச்சியைக் கேட்டால் தெரியும். மேடையிலும் பாடல்கள் அடையாளம் இழக்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கொட்டுகிறவருக்கு இது முடியாது. பிறகும் டாம்ப்கின்ஸ் காட்சிக்கலைஞராக, தட்டச்சு செய்த சொற்களைத் தாளில் இட்டு, அரங்கில் வாசித்தும் நிகழ்த்தியும் வந்திருக்கிறார். குழு கலைந்தது, தேடல் கலையவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சில பாடல்களில் இந்த உத்தி பழக்கமாகித் தேய்கிறது. அடுத்த தடுமாற்றம் எங்கே என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கடைசிப் பாடலான 'சாரோ'வில் வேகம் தணியும்போதுதான் சொல்லுக்கு மறுபடி எடை கூடுகிறது.

2020-21-ல் 'த லீன்ஓவர்' பாட்டுக்கு டிக்டாக்கில் இளைஞர்கள் வாயசைத்தார்கள். இதைப் புகழாரமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: பொருள் கோக்க முடியாத சொற்களை அவர்கள் ஒலி பிசகாமல் பின்தொடர்ந்தார்கள். பொருளுக்கு முன்பே சொல் உடம்பில் தங்கிவிடுகிறது.

நாம் கவிதையில் படிமத்தை முடித்து, இறுக்கி, கடைசி வரியில் ஒரு திடுக்கிடலையும் வைத்து அனுப்புகிறோம். முடிவுபெறாத சொல்லை நம்ப நமக்குத் துணிவில்லை. இந்தப் பத்துப் பாடல்களில் அந்தத் துணிவு இருக்கிறது.