உருக்கப் பாட்டை ஆக்குபவர்கள் யார்?

மான்செஸ்டருக்குத் தெற்கே இருக்கும் ஸ்டாக்போர்ட், தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிரிட்டனின் பாப் இசை முழுவதும் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களையே சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், எரிக் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து அந்த ஊரிலேயே ‘ஸ்ட்ராபெரி’ என்றொரு கூடத்தை நடத்தினார். பீட்டில்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. அங்கே பதிவாகி 1975இல் வெளிவந்த ‘ஐம் நாட் இன் லவ்’, மெதுநடை உருக்கப் பாட்டுகளின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. இத்தகைய பாட்டு எப்படி உருவாகிறது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாட்டைத்தான்.

பாட்டின் விதை வீட்டுப் பேச்சில் விழுந்தது. காதலிப்பதாக அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லையே என்று ஸ்டூவர்ட்டின் மனைவி குறைப்பட்டுக்கொண்டார். ஓயாமல் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் எண்ணம். இந்த எண்ணத்திலிருந்து, காதலே இல்லை என்று மறுத்து மறுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒருவனை அவர் படைத்தார். அவருடைய ‘டென் சிசி’ குழுவைச் சேர்ந்த கிரகாம் கோல்ட்மன் இசையமைப்பில் கைகொடுத்தார். முதலில் அவர்கள் அமைத்தது பிரேசில் நாட்டு போஸா நோவா தாளத்தில். குழுவின் மற்ற இருவரான கெவின் காட்லிக்கும் லால் கிரீமுக்கும் அது பிடிக்கவில்லை. காட்லிக்கு அடியோடு பிடிக்கவில்லை. பதிவு செய்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். ஆனால் அந்த மெட்டைக் கூடத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் பாட்டு மறுபடி மேசைக்கு வந்தது.

அப்போது காட்லி சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு முழுக்கக் குரல்களாலேயே செய்வோம் என்றார் அவர். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு பெருங்கூட்டத்தின் குரலை எப்படி வரவழைப்பது? டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிடலாம் என்று கிரீம் வழி சொன்னார். கோல்ட்மன், காட்லி, கிரீம் மூவரும் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஒரே சுரத்தை ‘ஆ’ என்று இழுத்து 16 முறை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். இப்படியே ஸ்தாயியின் சுரங்கள் எல்லாவற்றையும் பாடி முடித்தபோது மொத்தக் குரல்கள் 600ஐத் தாண்டின. கணினி இல்லாத காலம் அது. ஒவ்வொரு சுரத்தையும் டேப் வளையமாக்கி, வளையம் தொய்யாமலிருக்க ஒலிவாங்கித் தாங்கியைச் சுற்றி ஓடவிட்டு, அதை 16 தடப் பதிவுக் கருவியில் பல நிமிட நீளத்துக்கு மறுபடி பதிவு செய்தார்கள். இதற்கே வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு மிக்ஸர் மேசையே வாத்தியமாகிவிட்டது. நால்வரும் மேசைமுன் நின்று, எந்த இடத்தில் எந்தச் சுரங்கள் ஒலிக்க வேண்டுமோ அவற்றின் விசைகளை மேலே தள்ளினார்கள், வேண்டாதபோது இறக்கினார்கள். எந்த விசையும் முற்றிலும் கீழிறங்காதபடி அடியில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். அதனால் எல்லாச் சுரங்களும் எந்நேரமும் மெலிதாகக் கசிந்துகொண்டே இருக்கின்றன. பாட்டு முழுக்கப் பனிபோலக் கவிந்திருக்கும் அந்த ஓசை இப்படி வந்ததுதான்.

இத்தனைக்குப் பிறகும் நடுவில் ஏதோ குறைவதாக அவர்களுக்குப் பட்டது. ஸ்டூவர்ட்டுக்குத் தொலைபேசி வந்திருப்பதைச் சொல்லக் கதவைத் திறந்த வரவேற்பாளர் கேத்தி ரெட்ஃபெர்ன், பதிவு நடப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தார். கிரீம் அதைப் பிடித்துக்கொண்டார். நாம் தேடிய குரல் இதுதான் என்றார். பாட்டின் நடுவே ஆண்பிள்ளையை அழாதே என்று அடக்கும் அந்தக் கிசுகிசுப்பு ரெட்ஃபெர்னுடையது. அவர் பாடகி அல்லர். கேட்டவர்கள் மறக்காத இடமோ அதுதான். பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. அந்த மூன்று வாரமும் அதை முந்தியவை மூன்று வெவ்வேறு பாட்டுகள். அடுத்த ஆண்டு மூன்று ஐவர் நோவெல்லோ விருதுகளும் கிடைத்தன. பாட்டை ஆக்கியோர் என்று பதிவில் இருப்பவை ஸ்டூவர்ட், கோல்ட்மன் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே. குரல் யோசனை சொன்ன காட்லியும் வளைய யோசனை சொன்ன கிரீமும் அந்த வரியில் இல்லை. இது யாரும் செய்த வஞ்சனை அல்ல. சொல்லையும் மெட்டையும் மட்டுமே ஆக்கம் என்று கணக்கிடும் பழைய வழக்கம். ஆனால் இந்தப் பாட்டில் அந்தக் கணக்குப் போதவே போதாது.

கை மாறிக் கை மாறி வளர்ந்த பாட்டுகளும் உண்டு. பீட் ஹாமிடம் ஒரு பாட்டின் சரணங்கள் இருந்தன, பல்லவி சரியாக அமையவில்லை. பேட்ஃபிங்கர் குழுவில் அவரோடு பாடிய டாம் எவன்ஸிடம் வேறொரு பாட்டின் பல்லவி இருந்தது. இரண்டையும் ஒட்டியபோது பிறந்தது ‘வித்தவுட் யூ’. 1970இல் வந்த அவர்களுடைய தொகுப்பில் அது பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. ஒரு விருந்தில் அதைக் கேட்ட ஹாரி நில்சன் பீட்டில்ஸின் பாட்டு என்றே நினைத்தாராம். தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரியோடு சேர்ந்து அவர் அதை லண்டனில் பதிவு செய்தார். தனிப் பியானோவில் தொடங்கி, தந்தி வாத்தியங்கள் சூழ, அடங்கிய குரல் உச்சத்தில் வெடிக்கும் அமைப்பு அவர்கள் கொடுத்தது. 1972இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அது முதலிடம் பெற்றது. 1994இல் மரையா கேரி அதே பாட்டைப் பாடி மறுபடி பிரிட்டனின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் நில்சன் இறந்தார்.

எழுதிய இருவரின் கதை நெஞ்சை அறுப்பது. குழுவின் பணம் மேலாண்மைச் சிக்கல்களில் மாட்டிக்கொள்ள, 1975இல் ஹாம் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 27. எட்டு ஆண்டு கழித்து எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். உலகமே பாடிய ஒரு பாட்டு அதை எழுதியவர்களைக் காப்பாற்றவில்லை என்பதை இசைத்துறை மறக்கக் கூடாது.

டாலி பார்ட்டன் தன் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். தன்னைத் தொலைக்காட்சி வழியே உலகுக்குக் காட்டிய போர்ட்டர் வாகனரை விட்டுத் தனியே போக முடிவெடுத்தபோது, விடைபெறுவதற்காக அவர் எழுதியது ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. 1974இல் கிராமிய இசை வரிசையில் அது முதலிடம் பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். வெளியீட்டு உரிமையில் பாதி வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர் கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார், மறுத்துவிட்டு அழுதார். எல்விஸ் பாடும் வாய்ப்பைக் கைவிடும் துணிவு அந்நாளில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்!

1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாட வேண்டியது வேறொரு பழைய பாட்டு. அது இன்னொரு படத்தில் வந்துவிட்டதால் மாற்றுப் பாட்டு தேவைப்பட்டது. லிண்டா ரான்ஸ்டட் 1975இல் பாடிய வடிவத்தைக் காட்டிப் பார்ட்டனின் பாட்டை முன்மொழிந்தவர் கதாநாயகன் கெவின் காஸ்ட்னர். பக்கவாத்தியமே இல்லாமல் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. வானொலிக்கு அது ஒத்துவராது என்ற தயக்கம் இருந்தது. இசைக்கலைஞர் அல்லாத ஒருவரின் காது அங்கே சரியாகக் கேட்டது. அந்தத் தனிக்குரல் தொடக்கம் இல்லையென்றால், பின்னால் கிர்க் வேலமின் சாக்ஸஃபோனுக்குப் பின் வரும் சரணமும் முடிந்து ஒரு நொடி மௌனம் விழ, ஒற்றை முரசடியோடு சுருதி ஒரு படி உயரும் இடத்துக்கு இத்தனை வலிமை வந்திராது. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரின் கைவண்ணம் அந்த இடத்தில் தெரிகிறது. பாட்டு அமெரிக்காவில் தொடர்ந்து 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

கேட்டவர்கள் அதன் பொருளையே மாற்றினார்கள். தொழில்முறைக் கூட்டாளியிடம் விடைபெறும் பாட்டு, கல்யாண மண்டபங்களில் காதலின் உறுதிமொழியாக ஒலித்தது. இறுதிச் சடங்குகளிலும் ஒலித்தது. மணமேடையில் பிரிவுப் பாட்டா என்று கேலி செய்வோர் உண்டு. அவர்கள் குரலைக் கேட்கத் தவறியவர்கள். ஹூஸ்டனின் குரலில் பிரிவைவிட நேசம் பெரிதாக இருக்கிறது, மக்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சொல்லும் மெட்டும் மட்டுமே பாட்டா என்ற கேள்வியை நீதிமன்றப் படியேற்றியவர் மாத்யூ ஃபிஷர். புரோக்கல் ஹாரம் குழுவின் ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் முகவரியே ஃபிஷர் வாசித்த ஹேமண்ட் ஆர்கன்தான். செவ்வியல் இசைமேதை பாக்கின் சாயல் படிந்த அந்த இசை இரண்டு நொடி ஒலித்தாலே பாட்டு எதுவென்று தெரிந்துவிடும். ஆக்கியோர் பட்டியலில் இருந்தவர்களோ கேரி புரூக்கரும் கீத் ரீடும். 2005இல் ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 விழுக்காட்டை அவருக்கு அளித்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் உண்டு, பணம் இல்லை என்றது. இத்தனை ஆண்டு பேசாமல் இருந்ததே அவருக்கு எதிரான வாதம். 2009 ஜூலையில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். பதிப்புரிமையைக் கோரக் காலக்கெடு எதுவும் சட்டத்தில் இல்லை என்று கூறிப் பணத்தையும் மீட்டுக் கொடுத்தார்கள். பதிவான 42ஆம் ஆண்டில், பாட்டை ஆக்கியோரில் மூன்றாமவராக ஃபிஷரின் உரிமை உறுதியானது.