துணையில்லாத குரல்

ஞாயிறு காலை, ஆம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் ஜானி கேஷின் ‘மை மதர்ஸ் ஹிம் புக்’ கேட்டேன். 2003 செப்டம்பரில் கேஷ் இறந்தார்; 2004இல் இது தனித் தட்டாக வந்தது. அம்மாவின் பாட்டுப் புத்தகத்துப் பக்திப் பாடல்கள் 15. ஒரு கிதார், ஒரு குரல்.

எளிமை என்று புகழ்ந்துவிடலாம். ஆனால் எளிமையும் அலங்காரமாகிவிடக்கூடியது. 1994 முதல் ரிக் ரூபின் தயாரித்த கேஷின் தட்டுகளில் இந்த வெறுமையே ஒரு பாணியாகிவிட்ட இடங்கள் உண்டு. இங்கே அப்படி நேரவில்லை. குரல் தன் தளர்ச்சியை மறைக்கவுமில்லை, காட்டிக்கொள்ளவுமில்லை. தோலின் தழும்பைத் தேய்த்துச் சாயமேற்றத் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கும்போது இது உறைக்கிறது. தொனி மாறாமல் 15 பாடல்கள் நீள்வது அலுப்புத்தான்.

கடைசிப் பாடல் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. 1835இல் சார்லட் எலியட் எழுதியது. தமிழ்க் கோயில்களிலும் பாமாலையாக ஒலிப்பது. பாமாலையில் மெட்டு முதலில் வந்துவிட்டது; தமிழ் அதற்குள் மடங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நெருக்கடி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளில் இல்லை. அங்கே சொல்லும் ராகமும் ஒரே மண். கேஷ் மெட்டைப் பேச்சின் வேகத்துக்கு இறக்கிவிடுகிறார். பாட்டு வாக்குமூலமாகிறது.

விசுவாசமில்லாத என்னை இது ஏன் தொந்தரவு செய்கிறது? நாமும் யாப்பைத் துறந்தோம். பக்கவாத்தியம் போனபின் மிஞ்சுவது குரல் ஒன்றே. அது நம்முடையதுதானா என்று நம் கவிதைகளைக் கேட்டுப் பார்க்கத் தயக்கமாயிருக்கிறது.