ஆடிக்காற்றும் ஐம்பது மீட்டரும்

பல வருஷம் விட்டுப்போன பிறகு ரைஃபிளைத் தோளில் சாத்தினால், கண்ணுக்கு முந்தி இடுப்புதான் முறையிடும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். கைத்தசையால் அதைத் தாங்கப் பார்த்தால் நடுக்கம்தான் மிஞ்சும். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையை எலும்பின்மேல் இறக்கிவிட வேண்டும். முன்பு பழகிய உடம்பு அந்த இடத்தைத் தானாகவே தேடிப் பிடித்துவிடுகிறது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த கணம் அது.

இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர், அதைத் தேடிப் போகும் ஈயக்குண்டு 4.5 மில்லிமீட்டர். புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலம்! நடுவிலும் நடுவாக விழுந்தால் 10.9 புள்ளி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக்கோப்பைத் தங்கத்தை வென்றது இந்தப் பத்து மீட்டரில்தான்.

ஐம்பது மீட்டருக்கு வந்தால் கதை வேறு. பாயிண்ட் 22 ரைஃபிள், திறந்தவெளி. பத்துப் புள்ளிக்கான நடுவட்டம் 10.4 மில்லிமீட்டராக விரிகிறது. ஆனால் கோவையில் ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று குண்டைத் தள்ளிவிடும். "பொறுங்க, கொடி படியட்டுங்க" என்பார்கள் மூத்தவர்கள், காற்றைக் காட்டும் கொடியைப் பார்த்தபடி. மூச்சைப் பாதி விட்டு, விசையில் விரலை வைத்தபடி காத்திருப்பதும் சுடுவதில் சேர்த்திதான். கொடி படியவில்லையா, ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.