டெனெரிஃப் 1977: கேப்டனை மட்டும் திட்டினால் போதுமா?

1977 மார்ச் 27, டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்த கதையை யார் சொன்னாலும் கே.எல்.எம். கேப்டனின் அவசரத்தில்தான் கொண்டுபோய் முடிப்பார்கள். அனுமதி வாங்காமல் கிளம்பினார், அது உண்மை. ஆனா பக் அங்கே மட்டும் இல்லை.

மூடுபனி, யாருக்கும் யாரும் தெரியலை, ரேடியோதான் கண். "டேக்-ஆஃபில் இருக்கோம்" என்கிறது கே.எல்.எம். கன்ட்ரோலர் "ஓகே" சொல்லி, கொஞ்சம் விட்டு, "காத்திருங்க, கூப்பிடுறேன்" என்கிறார். அதே நேரம் பான் ஆம், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகச் சொல்கிறது. ஒரே அலைவரிசையில் ரெண்டு பேர் பட்டனை அமுக்கினால் மற்றவருக்குக் கேட்பது கீச்சொலி. "ஓகே" மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. பேசுகிறவருக்கோ மோதல் நடந்ததே தெரியாது.

அதன்பின் "டேக்-ஆஃப்" என்ற சொல்லைக் கட்டுப்படுத்தினார்கள். அனுமதி தரவோ ரத்து செய்யவோ மட்டும், மற்றபடி "டிபார்ச்சர்". நல்ல திருத்தம், ஆனால் வார்த்தைக்கு மட்டும். குரல் சேனல் இன்றும் அதே ஏ.எம்.தான். அதற்கும் நியாயம் உண்டு: எஃப்.எம்.மில் பலமான சிக்னல் மற்றதை விழுங்கிடும், ஏ.எம்.மில் கீச்சாவது கேட்கும்.

கீச் கேட்டது. பான் ஆம் விலகலையா என்று ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகமும் வந்தது. அவர் கேட்டது கேப்டனிடம், ரேடியோவில் இல்லை.