நூல் நிலையத்திலே பேசலாமா?

"பேசாதீர்!"

நாம் பட்டம் பெற்ற கல்லூரியின் நூல் நிலையத்துச் சுவரிலே, ஆளுயரத்துக்கு மேலே, கறுப்பு மையால் தீட்டப்பட்டிருந்த கட்டளை அது. கட்டளைக்குக் கீழே கண்ணாடிக் கதவிட்ட பீரோக்கள். கண்ணாடிக்கு உள்ளே ஏடுகள். கதவுக்கு வெளியே பூட்டு. சாவியோ அலுவலரின் மேசை அறையிலே! ஏட்டைக் காணலாம், எடுக்கலாகாது. அறிவைத் தரிசிக்கலாம், தீண்டலாகாது!

அந்நாளில் நண்பர் ஒருவரின் சிற்றூரிலே குடிநீர்க் கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கிற்று. "தெய்வக் குற்றம்" என்றனர் ஊர்ப் பெரியவர்கள். பூசைக்கு வசூலும் தொடங்கிவிட்டது. நாம் நால்வர் கூடினோம். நீரிலே கலந்திருப்பது என்ன என்று வேதியியல் பயின்றவர் கூறக்கூடும். அது எந்தப் பாறையைத் தழுவி வந்தது என்று நில இயல் பயின்றவர் அறியக்கூடும். அண்மையிலே தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை என்று பொருளாதாரம் பயின்றவர் கணக்கெடுக்கக்கூடும். தூர்ந்துபோன ஏரி எங்கே இருந்தது என்று பழைய ஏடுகளிலே வரலாறு பயின்ற நாம் தேடக்கூடும். தேவைப்பட்டது ஒரே ஒரு மேசை! அதன்மீது நான்கு நூல்கள் விரிய வேண்டும். நால்வர் வாயும் திறக்க வேண்டும்.

நடந்தது என்ன? சாவி வைத்திருந்தவர் விடுப்பிலே! மூன்றாம் நாள் இரண்டு நூல்கள் கிடைத்தன. விரித்து வைத்துப் பேசத் தொடங்கினோம். சுவரைச் சுட்டிக் காட்டினர். வேப்பமரத்தடிக்குக் கிளம்பினோம், நூல் வாயிலைத் தாண்டலாகாது என்றனர். நூல் இருந்த இடத்திலே பேச்சில்லை, பேச்சிருந்த இடத்திலே நூலில்லை! தேர்வு வந்தது, கலைந்தோம். ஊரிலே பூசை நடந்தது. கிணறு இன்னும் கரிக்கிறது.

இந்தப் பூட்டை உடைக்கச் சொன்னவர் சென்னையிலேயே வாழ்ந்தவர் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கணித ஆசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராக அமர்ந்து, இருபது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார் சீர்காழி இரங்கநாதன். 1931ல் அவர் வெளியிட்ட 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூலை உலகமே படித்தது. நூல்கள் பயன்படுத்தவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தைக் காத்திடுக, நூலகம் வளரும் உயிர். இவையே ஐந்தும். ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த கதையை எடுத்துக்காட்டி, காப்பதற்கல்ல, கற்பதற்கே நூல் என்று வாதாடினார். தாம் பணிபுரிந்த நூலகத்திலே வாசகரை அடுக்குகளுக்கு நடுவிலேயே உலவவிட்டார்.

அவர் கண்ட கோலன் பகுப்பு முறை 1933ல் வெளிவந்தது. இலண்டனிலே ஒரு கடையில், துண்டு துண்டான உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு பல பொம்மைகள் செய்யும் 'மெக்கானோ' விளையாட்டுக் கருவியைக் கண்டபோது பிறந்த எண்ணம் அது. பொருள்களை முன்கூட்டியே பெட்டிகளில் அடைக்காமல், சிறு சிறு கூறுகளாக்கி, முக்காற்புள்ளியிட்டு இணைப்பது அதன் வழி. நெல் ஒரு கூறு. நோய் ஒரு கூறு. ஊர் ஒரு கூறு. காலம் ஒரு கூறு. இணைத்தால், இன்ன ஊரிலே இன்ன காலத்து நெல்லைத் தாக்கிய நோய் பற்றிய நூலுக்கு இடம் கிடைத்துவிடும். துறைகள் ஒன்றோடொன்று கைகோக்க ஒரு புள்ளி போதும் என்று காட்டிய அறிவு, பெரும் அறிவே!

பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டு முடிந்த இடத்திலே திறனாய்வு தொடங்க வேண்டுமல்லவா? ஐந்து விதிகளையும் அடுக்கிப் பாருங்கள் தோழர்களே! நூலுக்கும் வாசகருக்கும் மணம் முடிக்கின்றன அவை. வாசகருக்கும் வாசகருக்கும் உள்ள உறவு எங்கே? படிப்பு வட்டங்களைப் பற்றியும் கூட்டங்களைப் பற்றியும் இரங்கநாதன் எழுதாமலில்லை. ஆயினும் நூலுக்கு வாசகரைத் தேடித்தரும் வழியாகவே அவற்றைக் கண்டார். துறைகளை இணைக்கப் புள்ளி வைத்தவர், அத்துறைகளைப் பயில்வோரை இணைக்க விதி வைக்கவில்லை. நம் கிணற்றுக் கேள்வி இடறி விழுந்தது இந்த இடைவெளியிலேதான்.

இடைவெளியை அடைத்துவிட்டோம் என்கிறது அமெரிக்கா. வட கரோலினா மாநிலப் பல்கலைக் கழகம் ராலே நகரிலே 2013ல் திறந்த ஹண்ட் நூலகத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். குழுவாக அமர்ந்து கற்பதற்கென்றே நூறு அறைகள் அளவுக்கு அங்கே உண்டு. எழுதி அழிக்கும் சுவர்கள், எண்ணியதை வடித்துப் பார்க்க முப்பரிமாண அச்சுப்பொறிகள், பெரிய பெரிய திரைகள்! பொறியியல் மாணவரும் துணி நுட்பம் பயில்வோரும் ஒரே கூரையின்கீழ். நூல்களோ? இருபது இலட்சம் வரை கொள்ளக்கூடிய இயந்திரக் கிடங்கு! கணிப்பொறியிலே கேட்டால், இயந்திரக் கை பெட்டியைத் தூக்கிவந்து சில நிமிடங்களில் தருகிறது. வழக்கமான அடுக்குகளுக்கு வேண்டிய இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கே போதுமாம். அப்படி மிஞ்சிய இடம்தான் மனிதர்களுக்குக் கிடைத்தது.

வாழ்க அந்த ஏற்பாடு! வாசகரை வாசகரோடு அமரவைத்தது அது. ஆனால் ஒன்று கேட்போம். தேடிச் சென்ற நூலுக்குப் பக்கத்திலே, தேடாத நூல் ஒன்று கண்ணிலே பட்டு, எண்ணத்தையே திருப்பிவிடுவது உண்டே, அந்த நல்வாய்ப்பு என்னாகும்? கிடங்கிலே கிடக்கும் நூலின் பக்கத்து நூல்களைத் திரையிலே காட்டுகிறார்கள். சில நூல்களைத் திறந்த அடுக்கிலும் வைத்திருக்கிறார்கள். குறையை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இவையே சான்று. இரங்கநாதன் நூலைத் திறந்தார், வாசகரைத் தனியே நிறுத்தினார். ஹண்ட் நூலகம் வாசகரைச் சேர்த்தது, நூலின் பெரும்பகுதியைக் கிடங்குக்குள் அனுப்பிற்று. இரண்டிலும் பாதி உண்மை.

இன்று நம் பல்கலைக் கழகங்களிலே 'புத்தாக்க மையம்' என்ற சொல் உலவுகிறது. பலகை மாட்டுவது எளிது. கண்ணாடி அறை கட்டுவதும், குளிர்பதனம் பொருத்துவதும், விழா எடுப்பதும் எளிதுதான். பீரோவின் பூட்டு அப்படியே தொங்கினால், அந்த மையத்திலே புதிதாகப் பிறப்பது எது? புகைப்படம்தான்! பணமில்லை என்று சாக்குச் சொல்லற்க. இயந்திரக் கிடங்குக்குக் கோடிகள் வேண்டும். பூட்டைக் கழற்றக் கால் காசும் வேண்டாம். அமைதியாகப் படிப்போர்க்கு ஒரு கூடம், பேசிப் படிப்போர்க்கு ஓர் அறை. இதற்கு ஒரு கதவு போதும்; வானளாவிய மாளிகை வேண்டாம்.

இன்னொன்றும் வேண்டும். கிணறு கரிக்கும் ஊரின் உழவரும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரும் அந்த அறைக்குள்ளே வர உரிமை வேண்டும். கேள்வி அவர்களிடம் இருக்கிறது. ஏடு பல்கலைக் கழகத்திலே இருக்கிறது. இரண்டும் சந்திக்காதவரை, விடை பூசாரியின் தட்டிலேதான் விழும்!

நூலகம் வளரும் உயிர் என்றார் இரங்கநாதன். வளர்வது உயிரானால் ஆறாவது விதி ஒன்றும் முளைக்கட்டும்: ஒவ்வொரு வாசகருக்கும் இன்னொரு வாசகர்! அந்த விதியைச் சுவரிலே எழுத, பழைய கட்டளை இருக்கும் இடமே போதும்.